கிரேக்கக் கதைகளைக் கொண்டு ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் முறை

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொற்கள் பல கிரேக்கப் புராணங்களிலிருந்து பிறந்தவை. அவற்றைப் பொருளோடு பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். கதையில் யார் என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லி, அந்தச் செயலிலிருந்து பிள்ளைகளே பொருளை எடுக்கும்படி விட்டால் சொல் நிலைக்கும். உடுக்கையடித்துப் பாடும் அண்ணமார் கதையைக் கேட்ட கொங்கு நாட்டுக்கு இது புதிய வழியன்று.

ஊர்த் தொழிலுக்கு நெருக்கமான சொல்லிலிருந்து தொடங்குங்கள். சென்னிமலை, பவானி போன்ற தறி ஓடும் ஊர்களில் ‘அராக்னிட்’ என்ற சொல் பொருத்தமானது. லிடியா நாட்டில் கம்பளிக்குச் சாயம் தோய்ப்பவரின் மகளாகப் பிறந்த அராக்னி, நெசவில் அதீனா தேவியையே போட்டிக்கு அழைத்தாள். தேவர்கள் செய்த முறைகேடுகளையே தன் துணியில் சித்திரங்களாக நெய்தாள். அந்த வேலைப்பாட்டில் ஒரு குறையும் காண முடியாத சினத்தில் அதீனா துணியைக் கிழித்து, தறி நாடாவால் அவளை அடித்து, அவமானம் தாளாமல் உயிர்விடத் துணிந்தவளைச் சிலந்தியாக்கினாள். பாவும் ஊடையும் அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அராக்னியின் பக்கம்தான் நிற்பார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். பிறகு சிலந்தி, தேள், மாட்டைப் பிடிக்கும் உண்ணி ஆகிய மூன்றுக்கும் எட்டுக் கால்கள் என்பதை எண்ணிக் காட்டினால், அறிவியல் பாடத்தில் வரும் அந்த வகைப்பெயர் தானாகவே விளங்கிவிடும்.

திருப்பூரில் ‘க்ளூ’ என்ற சொல்லை எடுங்கள். கிரீட் தீவின் சிக்கலான சுற்றுவழிக் கட்டடத்துக்குள் காளைத்தலை அரக்கனைக் கொல்லச் சென்ற தீசியஸிடம் அரியாட்னி ஒரு நூல் உருண்டையைக் கொடுத்தாள். வாசலில் முனையைக் கட்டி, பிரித்துக்கொண்டே உள்ளே போன அவன், அதே நூலைப் பற்றிக்கொண்டு வெளியே வந்தான். நூல் உருண்டையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் இந்தக் கதையால்தான் ‘துப்பு’ என்னும் பொருளைப் பெற்றது. சொல் கிரேக்கமன்று, பொருளே கிரேக்கக் கதையின் கொடை என்ற வேறுபாட்டை மறவாமல் சொல்லுங்கள். கழிவு நூலை உருட்டிக் கொடுத்துப் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு மாணவியை நடக்க விட்டால், விளக்கமே தேவைப்படாது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், ‘பேனிக்’ எளிது. பாதி ஆட்டுருவம் கொண்ட பான், இடையர்களின் தெய்வம். ஆளற்ற வெளியில் மந்தையையும் மனிதரையும் திடீரெனப் பற்றும் அச்சத்தை அவன் செயல் என்றார்கள். நாயோ நரியோ கண்ணில் படாமலே பட்டி முழுவதும் மிரண்டு ஓடுவது எப்படி என்று கேளுங்கள். வெறும் ‘பயம்’ என்ற பொருள் போதாது என்பது அப்போது புலப்படும்.

கோவை ஆலைகளில் சங்கு என்று வழங்கிய ‘சைரன்’, பாடி மயக்கி மாலுமிகளைக் கொன்ற பெண்களின் பெயர். 1819இல் காக்னியார் தெ லா தூர் என்னும் பிரெஞ்சு அறிவியலர், நீருக்குள்ளும் ஒலித்த தம் கருவிக்கு அப்பெயரை வைத்தார். சுகாதாரத்தைக் குறிக்கும் ‘ஹைஜீன்’ உடல்நலத் தெய்வமான ஹைஜியாவின் பெயரோடும், எதிரொலியைக் குறிக்கும் ‘எக்கோ’ பிறர் சொல்லின் இறுதியை மட்டுமே திருப்பிச் சொல்லச் சபிக்கப்பட்ட வனதேவதையின் பெயரோடும் தொடர்புடையவை. ‘எக்கோ’, ‘கேயாஸ்’ போன்ற கிரேக்கச் சொற்களில் சி, எச் இரண்டும் சேர்ந்து ‘க்’ என ஒலிப்பதை இங்கேயே கற்பித்துவிட்டால் எழுத்துப்பிழை குறையும்.

எல்லாவற்றையும் கிரேக்கக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ‘சீரியல்’ என்னும் தானியப் பெயரும் ‘வால்கேனோ’வும் ரோமானியத் தெய்வங்களிடமிருந்து வந்தவை. கால வரிசை எனப் பொருள்படும் ‘க்ரோனாலஜி’ காலத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற பிள்ளைகளை விழுங்கிய கிரேக்கத் தெய்வமான குரோனஸுக்கும் அதற்கும் தொடர்பு கற்பிப்பது பண்டைக் காலத்திலேயே தொடங்கிய குழப்பம்.

சோதிக்கும்போது பொருளைக் கேட்காமல், அந்தச் சொல் பொருந்தும் ஒரு சூழலைத் தம் ஊரிலிருந்து எழுதச் சொல்லுங்கள். கழுத்தளவு நீரில் நின்றும், குனிந்தால் நீர் வற்றி, கை நீட்டினால் பழக்கிளை விலகிப்போகும் தண்டனை பெற்ற டான்டலஸின் கதையைக் கேட்ட மாணவன், ‘டான்டலைஸ்’ என்பதற்கு வெறும் ஆசையை எழுதினால் பாதி மதிப்பெண். கிட்டே காட்டி எட்டவிடாமல் செய்வதை எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.