ஓர் ஏரியின் ஆற்றலையும் சத்துகளையும் தாளில் வரைவது எப்படி?

உணவுச் சங்கிலி என்றதும் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்ற வரிசையும், அவற்றுக்கிடையே ஒரே மாதிரியான அம்புக்குறிகளும் நம் நினைவுக்கு வரும். அந்த ஒற்றை அம்புக்குறிக்குள் இரண்டு தனித்தனிக் கணக்குகள் அடங்கியுள்ளன. ஆற்றல் சூரியனிலிருந்து வந்து, உயிரிகளின் வழியே கடந்து, இறுதியில் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனும், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரசும் உயிரிக்கு உயிரி கைமாறி, மண்ணுக்கும் நீருக்கும் திரும்பி, மறுபடியும் செடிக்குள் ஏறுகின்றன. இரண்டையும் ஒரே நிறத்தில் வரைவதுதான் தொடக்கநிலை மாணவர்களின் குழப்பத்துக்கு முதற்காரணம் என்பது என் கருத்து. ஆகவே இங்கே ஒரே ஏரியை இரண்டு நிறங்களில் வரையப் போகிறோம்.

ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், அழிப்பான், சிவப்பு, பச்சைப் பேனாக்கள் ஆகியவை போதும். எடுத்துக்காட்டாகச் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் குளத்துக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: எல்லையை வரைதல்

ஏரியின் கரை, வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கரைக்கு வெளியே தாளில் தாராளமாக இடம் விட வேண்டும். ஐந்தாம் படியில் அது தேவைப்படும். ஏரியின் அடியில் சேற்றுக்கென ஒரு பட்டை ஒதுக்குங்கள். இதைப் பலர் மறந்துவிடுவர். சேறு இல்லாத படத்தில் சத்துகள் திரும்பி வருவதற்கு வழியே இருக்காது.

படி 2: யார் யாரை உண்கிறார்?

கீழ் வரிசையில் உற்பத்தியாளர்களான நுண்பாசிகள், அல்லி போன்ற நீர்த்தாவரங்கள், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அதற்கு மேல், அவற்றை உண்ணும் மிதவை நுண்விலங்குகள், நத்தைகள், தலைப்பிரட்டைகள் வரும். அடுத்த வரிசையில் தட்டான்பூச்சியின் இளவுயிரிகள், சிறு மீன்கள், தவளைகள். உச்சியில் நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு. சேற்றுப் பட்டையில், இறந்தவற்றை உண்டு சிதைக்கும் சிதைப்போரான பாக்டீரியா, பூஞ்சை, புழுக்கள். விரால் குஞ்சாக இருக்கும்போது மிதவை உயிரிகளையும், வளர்ந்தபின் மீன்களையும் தவளைகளையும் உண்பதால், அதை ஒரே வரிசையில் அடைக்க இயலாது. மேலிரு வரிசைகளுக்கும் நடுவே எழுதிவிடலாம்.

அம்புக்குறி எப்போதும் உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கியே செல்ல வேண்டும். “நாரை நத்தையைத் தின்கிறது” என்று சொல்லிக்கொண்டே வரைபவர்கள் நாரையிலிருந்து நத்தைக்கு அம்பு போட்டுவிடுவதைப் பல நோட்டுகளில் காணலாம்.

படி 3: சிவப்புப் பேனா, ஆற்றலுக்கு

சூரியனிலிருந்து கீழ் வரிசைக்கு ஒரு தடித்த சிவப்பு அம்பு வரைந்து, பின்னர் வரிசைக்கு வரிசை மெலிந்துகொண்டே செல்லும் அம்புகளை வரையுங்கள். எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கு அளந்து பார்த்த ஒரு நீர்நிலையின் எண்களைக் கடன் வாங்குவோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற நீரூற்றில் சூழலியலாளர் ஹோவர்டு ஓடம் செய்த ஆய்வு 1957இல் வெளியானது. அங்கே ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஓராண்டில், தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் பிடித்துவைத்த ஆற்றல் 20,810 கிலோ கலோரி. அதில் 11,977 கிலோ கலோரியைத் தாவரங்களே தம் சுவாசத்தில் செலவழித்துவிட்டன. தாவர உண்ணிகளுக்குச் சென்றது 3,368. அவற்றை உண்ணும் விலங்குகளுக்கு 383. உச்சியிலிருந்த கொன்றுண்ணிகளுக்கு வெறும் 21.

ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்று பாடநூல்கள் கூறும். மேற்கண்ட எண்களை வகுத்துப் பாருங்கள்: முதல் தாவலில் சுமார் 16 சதவீதம், அடுத்ததில் 11, கடைசியில் ஐந்தரை. பத்து சதவீதம் என்பது தோராயமான சராசரியே தவிர, எந்த ஏரியும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

மீதி எங்கே போகிறது? நத்தைக்குத்தி நாரையைக் கவனித்தால் ஒரு பகுதி விளங்கும். அலகின் நடுவே இடைவெளி கொண்ட அந்தப் பறவை, வயல் நத்தையை இறுகப் பிடித்து, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி விழுங்குகிறது. ஓடு அங்கேயே கிடக்கும். விழுங்கிய சதையிலும் ஒரு பகுதி செரிக்காமல் எச்சமாகிறது. செரித்ததில் பெரும்பங்கு பறப்பதற்கும், உடற்சூட்டைக் காப்பதற்கும் செலவாகி, எஞ்சிய சிறு பங்கே நாரையின் உடலாக வளர்கிறது. எனவே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு கூடுதல் சிவப்பு அம்புகள் வேண்டும்: சுவாச வெப்பத்துக்கு வெளியே ஒன்று, எச்சத்துக்கும் இறந்த உடலுக்கும் சேற்றை நோக்கி ஒன்று. சேற்றுப் பாக்டீரியாக்களும் சுவாசிப்பதால் அங்கிருந்தும் வெப்ப அம்பு புறப்படும். வெளியேறிய அந்த வெப்பத்தைக் கொண்டு எந்தப் பாசியும் சர்க்கரை செய்ய இயலாது. ஆகவே சிவப்பு அம்பு எதுவும் உற்பத்தியாளரிடம் திரும்பி வரக் கூடாது. சேற்றுப் புழுவை மீன் உண்ணும்போது கொஞ்சம் ஆற்றல் மறுபடி உணவு வலைக்குள் நுழைவது உண்மைதான் என்றாலும், அதுவும் மெலிந்துகொண்டே சென்று தீர்ந்துவிடும்.

இறுதியாக வரவு செலவைச் சரிபாருங்கள். சில்வர் ஸ்பிரிங்ஸில் தாவரங்கள் பிடித்த 20,810உடன் வெளியிலிருந்து வந்த 486ஐயும் சேர்த்தால் வரவு 21,296. சிதைப்போரையும் உள்ளிட்ட எல்லா உயிரிகளின் சுவாசம் 18,796. நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்பட்டது 2,500. கூட்டினால் அதே 21,296. அந்த 486, சுற்றுலாப் பயணிகள் மீன்களுக்கு வீசிய ரொட்டி. ரொட்டித் துண்டுக்கும் கணக்கில் இடம் கொடுத்த ஓடமின் நேர்த்தியை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

படி 4: பச்சைப் பேனா, சத்துகளுக்கு

இப்போது பாஸ்பரசை மட்டும் தனியே பின்தொடருங்கள். பாசி அதை நீரிலிருந்து உறிஞ்சுகிறது. நத்தை, மீன், பறவை என்று அது மேலே செல்கிறது. எச்சமாகவும் உடலாகவும் சேற்றுக்கு வந்து, நுண்ணுயிரிகளால் உப்பாக மாற்றப்பட்டு, மீண்டும் நீரில் கரைந்து பாசிக்கு எட்டுகிறது. வழியில் அது எரிந்து தீர்வதில்லை. அதனால் பச்சை அம்புகள் வட்டமாக மூட வேண்டும். ஆனால் வட்டம் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. ஆக்சிஜன் இருக்கும் சேற்றில் இரும்பு, பாஸ்பரசைப் பற்றிக்கொள்ளும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்து சேறு கறுத்து முட்டை நாற்றம் வீசத் தொடங்கியதும், அந்தப் பிடி தளர்ந்து பாஸ்பரஸ் நீருக்குள் விடுபடும்.

நைட்ரஜனுக்கு மட்டும் காற்றுக்கும் இரண்டு அம்புகள் வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும், அதை நேரடியாகப் பிடிக்கும் திறன் சில பாக்டீரியாக்களுக்கும் நீலப்பச்சைப் பாசிகளுக்கும்தான் உண்டு. ஆக்சிஜன் அற்ற சேற்றில் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து, நைட்ரஜனை மறுபடி காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன.

படி 5: எல்லையைக் கடக்கும் அம்புகள்

வேடந்தாங்கலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தப் படிதான். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறிய ஏரியால், வட கிழக்குப் பருவமழையை ஒட்டி வந்து கூடுகட்டும் ஆயிரக்கணக்கான நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் நீர்க்காகங்களுக்கும் உணவளிக்க இயலாது. அவை சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு, அடைவதற்கு நீர்க்கடம்பு மரங்களுக்குத் திரும்புகின்றன; எச்சம் கீழே உள்ள தண்ணீரில் விழுகிறது. அதாவது பல ஊர்களின் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஓர் ஏரியில் வந்து சேர்கின்றன. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் அம்மோனியாவாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற, அந்த நீர் மதகு வழியே நெல் வயலுக்குப் பாய்கிறது.

இந்த அம்பை ஊரார் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்போதைய கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு அவர்கள் எழுத்துமூலம் உறுதி பெற்றனர்.

பறவை வரவு, மதகு நீர் ஆகியவற்றோடு வரத்துக்காலில் வரும் வண்டல், பிடித்து விற்கப்படும் மீன் ஆகியவற்றையும் பச்சையில் குறியுங்கள். மீனுக்குச் சிவப்பு அம்பும் உண்டு. கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலில் இடும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் அதற்கும் ஓர் அம்பு வேண்டும். சேற்றில் சிறைப்பட்ட மணிச்சத்து நிலத்துக்குத் திரும்பும் வழி அதுவே.

படி 6: படத்தைச் சோதித்தல்

ஒரு பச்சை அம்பை மட்டும் தடிமனாக்கி, என்ன நடக்கும் என்று கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 226ஆம் எண் ஏரியை 1973இல் சூழலியலாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பகுதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இடப்பட்டன. ஒன்றில் மட்டும் பாஸ்பரசும் சேர்க்கப்பட்டது. பாஸ்பரஸ் இட்ட பகுதி பாசி படர்ந்து பச்சையாக, மற்றது தெளிந்தே இருந்தது.

சாக்கடையும் உரக்கழிவும் கலக்கும் நம் ஏரிகளிலும் இதுவே நடக்கிறது. பாசி பெருகினால் பகலில் ஆக்சிஜன் நிறையும். இரவில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே சுவாசிப்பதால் குறைந்துகொண்டே போய், விடியலுக்குச் சற்று முன் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது கெண்டைகள் மேற்பரப்பில் வாய் பிளந்து திணறும்; காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய விராலும் தேளியும் தாக்குப்பிடிக்கும். உங்கள் படத்தில் சிதைப்போரின் சுவாச அம்பைத் தடிமனாக்கினால் இந்த விளைவை முன்கூட்டியே ஊகிக்கலாம்.

மார்கழியில் வரைந்த தாளை எடுத்து வைத்துவிட்டு, வைகாசியில் இன்னொன்று வரையுங்கள். ஏரி வற்றியதும் மீன், பறவை அம்புகள் பெரும்பாலும் மறைந்து, காற்றுப்பட்ட சேற்றில் சிதைவு விரைவுபெறும். முதல் மழையில் நனைந்ததும் அங்கே சேர்ந்திருந்த சத்துகள் ஒரேயடியாக நீரில் கரையும். ஆகவே மழைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களுக்குச் சேற்றிலிருந்து பாசிக்குச் செல்லும் பச்சை அம்பை ஆண்டிலேயே மிகத் தடித்ததாக வரைய வேண்டும்.