நடக்கத் தொடங்கிய குழந்தையோடு நெடுந்தூர விமானம்: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து (கே.எல்.) லண்டனுக்கு 13, 14 மணி நேரம். ஆக்லாந்துக்குப் பத்தரை மணி, மெல்பர்னுக்கு எட்டு. சென்னைக்கு நான்கு மணி நேரம்தான், ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை மடியில் இருந்தால் அதுவும் நெடுந்தூரம்தான். இப்படிப் போகிறவர்கள் ஸ்டிக்கர் புத்தகத்துக்கும் பொம்மைக்கும் அலைகிற அலைச்சலில் கால் பங்கை டிக்கெட் விதிகளைப் படிப்பதில் காட்டுவதில்லை. ஆகாயத்தில் வெடிக்கிற சிக்கல்களில் பெரும்பாலானவை புக்கிங் போட்ட அன்றே தொடங்கியவை.

இரண்டாவது பிறந்தநாள்

இரண்டு வயதுக்குக் கீழ் இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். சாதாரண விமானங்களில் அனைத்துலகப் பயணத்துக்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 விழுக்காடும் வரியும் கேட்பார்கள். மலிவு விமானங்களில் ஒரு நிலையான தொகை. இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்: வயதை புக்கிங் நாளில் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பயண நாளிலும் பார்க்கிறார்கள். போகும்போது 23 மாதம், ஊரில் இருக்கும்போது இரண்டு வயது நிறைந்துவிட்டது என்றால் திரும்பி வரும் விமானத்தில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். செக்-இன் கவுண்டரில் வந்து தெரிந்துகொண்டால் அன்றைய விலையில்தான் வாங்க வேண்டும், அதுவும் இடம் இருந்தால். புக்கிங் செய்யும்போதே திரும்பும் பயணத்துக்குக் குழந்தை டிக்கெட் போட்டுவிடுங்கள்.

இரண்டு வயது ஆகாவிட்டாலும், எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஹோட்டலில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தாவது அந்தப் பணத்தைத் தேற்றலாம். 11 கிலோவை 13 மணி நேரம் மடியில் சுமப்பதை டிக்கெட் வாங்கும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை. விமானம் குலுங்கும்போது மடிக் குழந்தையைக் கையால் இறுக்கிப் பிடித்து நிறுத்தவும் முடியாது.

தனி இருக்கை வாங்கினால் கார் சீட்டைக் கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். விமானப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்ற முத்திரை அதில் இருக்க வேண்டும், அகலம் இருக்கைக்குள் அடங்க வேண்டும், பொதுவாக ஜன்னலோரத்தில்தான் வைக்க விடுவார்கள். அதைச் சுமக்க முடியாதவர்களுக்கு 'கேர்ஸ்' என்ற தோள்பட்டை வார் இருக்கிறது. 10 முதல் 20 கிலோ வரை, ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கானது. எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை, ஆகவே ஏற்பதாக வந்த மின்னஞ்சலைக் கையில் வைத்திருங்கள்.

முன்வரிசை ஆசை

தொட்டில் கிடைக்கும் என்று, எதிரே தடுப்புச் சுவர் மட்டும் இருக்கும் முன்வரிசைக்குப் போட்டி போடுகிறார்கள். பல நிறுவனங்களின் தொட்டில் தாங்கும் எடை 10, 11 கிலோதான். 18 மாதக் குழந்தையின் சராசரி எடையே 10 கிலோவுக்கு மேல், உயரம் 80 சென்டிமீட்டருக்கு மேல். காலை மடக்கிப் படுக்க வைத்தாலும் சீட்பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தூக்க வேண்டும். அதாவது, தூங்க வைத்த குழந்தையை நீங்களே எழுப்ப வேண்டும்.

முன்வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது. குழந்தையை இரண்டு இருக்கையில் நீட்டிப் படுக்க வைக்க வழியில்லை. முன்னால் இருக்கை இல்லாததால் பை வைக்கவும் இடமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், அதாவது பால் புட்டி மிகவும் தேவைப்படும் நேரத்தில், பை தலைக்கு மேல் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். தத்தித் தத்தி நடக்கிற வயது என்றால் கைப்பிடி தூக்கக்கூடிய நடுவரிசைதான் நல்லது. குழந்தை ஜன்னல் பக்கம் அல்லது நடுவில், பெரியவர் நடைபாதைப் பக்கம். நடைபாதையோரம் குழந்தையை உட்கார வைத்தால் தள்ளுவண்டி கையில் இடிக்கும், சூடான தேநீர் தலைக்கு மேல் கைமாறும்.

இன்னொன்று: ஒவ்வொரு இருக்கைத் தொகுதிக்கும் கூடுதலாக ஒரே ஒரு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். இரண்டு மடிக் குழந்தைகளோடு போகும் அக்காள் தங்கை குடும்பங்கள் ஒரே தொகுதியில் உட்கார முடியாமல் பிரிக்கப்படுவது இதனால்தான்.

பினாங்கிலிருந்து போகிறவர்கள்

பினாங்கிலிருந்து நெடுந்தூரம் போக, பெரும்பாலும் எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும். விலை குறைவு என்று உள்நாட்டு விமானத்தைத் தனியாக வாங்கும்போது எந்த நிலையத்தில் இறங்குகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் சில விமானங்கள் சிப்பாங்கில் உள்ள கே.எல். அனைத்துலக விமான நிலையத்துக்கு (கே.எல்.ஐ.ஏ.) போவதில்லை, இன்னொரு நிலையமான சுபாங்கில் இறங்குகின்றன. அங்கிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்குக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், நெரிசல் தனி. சிப்பாங்கிலேயே இறங்கினாலும் முதல் முனையமா, இரண்டாம் முனையமா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம்தான், கட்டணமும் இரண்டு வெள்ளி (ரிங்கிட்)தான். ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டிகளை எடுத்து, தள்ளிக்கொண்டு போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. குழந்தை இருந்தால் ஒரே புக்கிங்கில் போடுங்கள், இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

ஸ்ட்ரோலரைக் கேட்டில் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மாறும் ஊரில் கையில் வருமா, கடைசி ஊரில் பெட்டிகளோடுதான் வருமா? இரண்டாவது என்றால் பெரிய டிரான்சிட் நிலையத்தில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முனையம் முனையமாக நடக்க வேண்டியிருக்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

பெயரும் தாளும்

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். குழந்தையின் பாஸ்போர்ட்டில் குழந்தையின் அப்பா பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இருவரும் தாயும் பிள்ளையும் என்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரமும் தெரியாது. அம்மா மட்டும் குழந்தையோடு போனால் பிறப்புச் சான்றிதழ் நகலும், அப்பா ஒப்புதல் தந்து கையெழுத்திட்ட கடிதமும் கையில் இருக்க வேண்டும். அப்பா மட்டும் போனாலும் இதே ஏற்பாடுதான். புக்கிங்கில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் இடையே வரும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்பவற்றின் சாய்கோட்டைக் கணினி ஏற்காது. நிறுவனம் சொல்கிற முறையில், குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

மடிக் குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்கள் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கும்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா எல்லாவற்றுக்கும் அப்படியே. அப்பா அம்மாவுக்கு எடுத்துவிட்டுக் குழந்தையை மறந்து கவுண்டரில் தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

இரவு விமானமும் காரில் போடும் தூக்கமும்

இரவு விமானம் என்றால் ஏறியதும் தூங்கிவிடும் என்று நம்புகிறோம். கிள்ளானிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ மாலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பினால் குழந்தை அந்த ஆட்டத்திலேயே 40 நிமிடம் தூங்கிவிடும். அத்தோடு அன்றைய இரவுத் தூக்கம் நள்ளிரவுக்கு அப்பால் போய்விட்டது. விமானத்துக்குள் விளக்கு எரிய, சாப்பாட்டு வண்டி வர, அது விழித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கண் சொக்கிக்கொண்டிருப்பீர்கள். பகல் தூக்கத்தை வீட்டிலேயே மதியம் முடித்துவிட்டு சீக்கிரம் கிளம்புங்கள். நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு கே.எல். சென்ட்ரலில் ஏறும் விரைவு ரயில் 28 நிமிடத்தில் முதல் முனையத்துக்குப் போய்விடும்; ரயில் என்றால் வேடிக்கை பார்த்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

இரவுச் சாப்பாட்டை நிலையத்திலேயே கொடுத்துவிடுங்கள். விமானத்துச் சாப்பாடு கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். பல் துலக்கி, இரவு உடுப்பு மாற்றி ஏற்றினால் வீட்டு வழக்கம் பாதியாவது மிஞ்சும். சீக்கிரம் ஏற அழைக்கிறார்கள் என்பதற்காக எல்லாரும் ஓட வேண்டாம். ஒருவர் பைகளோடு முதலில் ஏறி இடத்தைத் தயார் செய்யட்டும், மற்றவர் கடைசி அழைப்பு வரை குழந்தையை ஓடவிடட்டும்.

காது

இறங்கும்போது அலறுவது பெரும்பாலும் காது வலியால். விமானத்துக்குள் காற்றழுத்தம் மறுபடி கூடும்போது, தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் திறந்து கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது, விழுங்கினால்தான் திறக்கும். இங்கே செய்கிற தவறு நேரத்தில். சக்கரம் இறங்கும் சத்தம் கேட்ட பிறகு புட்டியைத் தேடுகிறார்கள். விமானம் தரையிறங்க அரை மணி நேரத்துக்கு முன்பே கீழே வரத் தொடங்கிவிடும். அறிவிப்பு வந்தவுடன் தொடங்குங்கள். 150 மி.லி.யை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டால் பயனில்லை. ஸ்ட்ரா வைத்த கோப்பையில், நிமிர்த்தி உட்கார வைத்து, விட்டு விட்டு 20 நிமிடம் கொடுங்கள். ஆழ்ந்து தூங்கும் குழந்தை குறைவாகத்தான் விழுங்கும், ஆகவே எழுப்பிவிடுவது நல்லது. கடும் சளி, காது வலி இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே கிளினிக்கில் காட்டுங்கள்.

மருந்தும் பாலும்

தூங்க வைக்கச் சளி மருந்து கொடுப்பது பாட்டிமார் காலத்திலிருந்து தொடர்கிற பழக்கம். கொடுக்காதீர்கள். சில சளி, ஒவ்வாமை மருந்துகளில் இருக்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே அடக்கக்கூடியது என்பதால் அந்த வயதினருக்குத் தரக் கூடாது. மற்ற ஒவ்வாமை மருந்துகளும் சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குப் பதில் துள்ள வைக்கும். அது எந்தக் குழந்தை என்று முன்கூட்டியே தெரியாது.

பாரசிட்டமால் எடுத்துப் போகலாம், ஆனால் புட்டியைப் படியுங்கள். இங்கே கடைகளில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. வரை என்ற கணக்கில் 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. முதலாவதில் அது 7.5 மி.லி.; இரண்டாவதில் 3.6 மி.லி. மங்கலான வெளிச்சத்தில் பழைய புட்டியின் அளவைப் புதிய புட்டிக்குப் போட்டால் இரு மடங்காகிவிடும். கிளினிக்கில் எடை பார்த்து, அளவை மருத்துவரிடம் உறுதி செய்து புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

திரவத்துக்கு 100 மி.லி. வரம்பு இருந்தாலும் குழந்தையின் பால், உணவு, மருந்துக்கு பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. அவற்றைப் பையின் அடியில் புதைக்காமல் தனியே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பால் மாவை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வையுங்கள். விமானத்தில் தரும் வெந்நீர் மிகச் சூடானது. அதில் கால் பங்கு விட்டு மாவைக் கரைத்து, மீதிக்குப் போத்தல் தண்ணீரை ஊற்றினால் காத்திருக்காமல் கொடுக்கலாம். மேலே போகப் போக அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். ஸ்ட்ரா கோப்பையைத் திறந்ததும் மைலோ பீய்ச்சி அடிப்பது அதனால்தான். மூடியை முதலில் சற்றுத் தளர்த்திவிடுங்கள். அதே காற்று வயிற்றிலும் விரியும், கடலையும் பருப்பும் அன்றைக்கு வேண்டாம்.

பேம்பர்ஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் நான்கு. ஒவ்வொன்றையும் சில ஈரத்தாளோடு தனித்தனி ஜிப் பையில் போட்டு வையுங்கள். கழிவறைக்கு முழுப் பையையும் தூக்கிப் போக வேண்டியதில்லை. மாற்றும் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது, எதில் என்று ஏறியதும் கேளுங்கள். குழந்தைக்கு இரண்டு மாற்றுடுப்பு எல்லாரும் எடுக்கிறார்கள். வாந்தி விழுவது பெற்றோரின் சட்டையில்; அதற்கு மாற்று ஒன்றும் இருக்காது.

டேப்லெட்டில் படங்களை வீட்டிலேயே இறக்கி, முழுதாக மின்னேற்றுங்கள். பவர் பேங்க்கை விமானத்தில் பயன்படுத்த மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் 2025 முதல் தடை விதித்திருக்கின்றன. காதில் ஹெட்போன் மாட்டிப் பழகாத குழந்தை அன்றைக்கு மாட்டாது, ஒரு வாரம் முன்பே பழக்குங்கள். பொம்மைக்கு இவ்வளவு போதும்.

இறங்கிய பிறகு

நியூசிலாந்தில் அறிவிக்காத பழத்துக்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். குழந்தை கடித்து வைத்த அரை வாழைப்பழம் பைக்குள் போனாலும் கணக்கில் சேரும். ஆஸ்திரேலியாவும் கடுமைதான். மிச்சத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள், மீதி உணவைப் படிவத்தில் எழுதுங்கள்.

மெல்பர்ன் இரண்டு மூன்று மணி நேரம்தான் முன்னால், சீக்கிரம் சரியாகிவிடும். லண்டன் ஏழு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் எட்டு. கே.எல்.லில் காலை ஏழுக்குக் கண் விழிக்கிற குழந்தைக்கு அங்கே நள்ளிரவிலோ அதற்கு ஒரு மணி முன்னதாகவோ விடியும். விளையாட அழைக்காமல், விளக்கைப் போடாமல் இருந்தாலும் பசி நிஜம்; உடம்புக்கு அது காலைச் சாப்பாட்டு நேரம். பட்டினியாகத் திரும்பத் தூங்க வைக்கப் பார்ப்பது வீண் முயற்சி. இறங்கிய அன்றே முதல் மூன்று இரவுக்கு ரொட்டியும் பாலும் வாங்கி அறையில் வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது.