இடுப்பு மூட்டு லைனரின் தேய்மானம்: அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

செயற்கை இடுப்பு மூட்டில், உலோகக் கிண்ணத்துக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் உறையே லைனர்; தொடையெலும்பின் பந்து அதற்குள் அசைகிறது. எக்ஸ்ரேயில் நாம் அளப்பது தேய்ந்துபோன பிளாஸ்டிக்கை அல்ல. உலோகக் கிண்ணத்தின் மையத்திலிருந்து பந்தின் மையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான பிழைகள் இந்த வேறுபாட்டை மறப்பதில் தொடங்குகின்றன.

முதல் ஓரிரு ஆண்டுகளில் பாலிஎத்திலீன் (லைனரின் பிளாஸ்டிக்) பாரத்தால் அமுங்கும். துகள் உதிராமலேயே பந்து உள்ளே இறங்கும். எலும்பை அரிக்க வைப்பவை உதிரும் துகள்களே, அமுக்கம் அல்ல. ஆனாலும் இரண்டையும் சேர்த்து, மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்துவிடுகிறார்கள். முதலாண்டு முடிவில் 0.15 மி.மீ., ஆறாம் ஆண்டு முடிவில் 0.30 மி.மீ. நகர்வு என்று வைத்துக்கொள்வோம். 0.30-ஐ 6-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.05. முதலாண்டைக் கழித்து, மீதி 0.15-ஐ 5-ஆல் வகுத்தால் 0.03. ஆண்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்த பழைய லைனர்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாக உறுத்தவில்லை. 1990-களின் இறுதியில் வந்த, குறுக்குப்பிணைப்பு மிகுந்த (மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்த, மிகக் குறைவாகத் தேயும்) பாலிஎத்திலீனில் முடிவையே இது புரட்டிப்போடும்.

அறுவை முடிந்த சில வாரங்களுக்குள் எடுத்த படம் இல்லையென்றால், இரு மையங்களும் தொடக்கத்தில் ஒன்றாக இருந்தன என்று வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மையம் விலக்கியே வடிவமைக்கப்பட்ட லைனர்கள் உண்டு. அவற்றில் முதல் நாளே சில மி.மீ. 'தேய்மானம்' தெரியும்.

படத்தின் உருப்பெருக்கத்தையும் திருத்த வேண்டும். 28 மி.மீ. பந்து படத்தில் 33 மி.மீ. இருந்தால், அளந்த 1.2 மி.மீ. நகர்வு உண்மையில் சுமார் 1.02 மி.மீ.தான். பந்தின் விட்டத்தை அறுவைக் குறிப்பிலிருந்து எடுங்கள். கண்மதிப்பில் 28-ஐ 32 என்று கொண்டால் எல்லாமே தப்பும்.

நகர்வு ஒன்றாக இருந்தாலும் கன அளவு ஒன்றாக இருக்காது. 0.1 மி.மீ. நகர்வுக்கு 28 மி.மீ. பந்து சுமார் 62 கன மி.மீ. பிளாஸ்டிக்கைத் தேய்க்கும், 36 மி.மீ. பந்து சுமார் 102. வெவ்வேறு அளவுப் பந்துகளை ஒப்பிடும்போது மி.மீ. மட்டும் போதாது.

எதிர்மறை மதிப்பு வந்தால் பூஜ்யமாக்கிவிடுவது இன்னொரு பழக்கம். தயவுசெய்து வேண்டாம். தேய்மானம் மிகக் குறைவாக இருக்கையில் அளவீட்டுப் பிழை இரு பக்கமும் விழும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் சராசரி பொய்யாக உயரும். அவ்வளவு சிறிய தேய்மானத்தையும் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால், எலும்பில் டான்டலம் உலோக மணிகள் பதித்து, ஒரே நேரத்தில் இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் முறைக்குப் போக வேண்டும்.

ஆய்வகச் சோதனையில், அதாவது ஐ.எஸ்.ஓ. 14242 (செயற்கை இடுப்பு மூட்டுத் தேய்மானச் சோதனைக்கான சர்வதேசத் தரம்) முறையில், நடையைப் போன்ற அசைவை 50 லட்சம் சுழற்சி ஓட்டி எடைபோடும்போது, ஏமாற்றுவது நீர்தான். மூட்டுத் திரவத்துக்குப் பதிலாக ஊற்றும் கன்றுச் சீரத்தை (கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) லைனர் உறிஞ்சி எடை கூடும். தேய்ந்தும் எடை ஏறியதாகக் காட்டும். அதே சீரத்தில், அசைவின்றி அதே பாரத்தில் ஒரு கட்டுப்பாட்டு லைனரையும் வைத்து, அதற்குக் கூடிய எடையைச் சோதனை லைனரின் எடையிழப்போடு கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவுவது, வெற்றிடத்தில் உலர்த்துவது, எடைபோடுவது ஆகியவற்றின் நேரம் மாறக் கூடாது. எடையைக் கன அளவாக்க, கன மி.மீ.க்குச் சுமார் 0.93 மி.கிராம் என்ற அடர்த்தியால் வகுக்கவும்.