வீடியோ போடும் முன் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பியுங்கள்

புதிதாக ஒரு கருவியைச் செய்து முடித்ததும் வீடியோ எடுத்து ஊருக்கே காட்டக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நீங்களே வெளியிட்ட வீடியோகூட உங்களுக்கு எதிராகத் திரும்பும். அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சிலவற்றில் காட்டியிருந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள்.

வேலை முழுமையடையவில்லையா? கண்டுபிடிப்பை இப்போதைய நிலையில் விளக்கும் தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய்தான். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

முழு விவரக்குறிப்பில், எதெல்லாம் உங்கள் உரிமை என்று சொல்லும் உரிமைக்கோரல் பகுதிதான் உயிர்நாடி. "தேங்காய் உரிக்கும் கருவி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிற்காது. பற்கள் எந்தக் கோணத்தில் மட்டையைக் கவ்வுகின்றன, நெம்புகோல் எங்கே திரும்புகிறது என்று எழுத வேண்டும். என்னைக் கேட்டால், இதற்கு மட்டுமாவது காப்புரிமை முகவரை வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கப் படிவம் 18-ஐத் தனியாகத் தர வேண்டும், மறந்துவிடாதீர்கள். காப்புரிமை கிடைத்தால், புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவரும்வரை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். இந்தியாவுக்குள் மட்டும்.