அவே மேட்சுக்குக் கிளம்பும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

நம்ம ஊர் மைதானத்தில் மேட்ச் பார்க்க யாரும் திட்டம் போடுவதில்லை. எந்த கேட், வண்டியை எங்கே நிறுத்துவது, முடிந்ததும் எந்தப் பக்கமாக நழுவுவது என்பதெல்லாம் பழகிப்போயிருக்கும். அவே மேட்ச், அதாவது எதிரணியின் ஊரில் நடக்கும் மேட்ச் என்றால், இது எதுவும் செல்லாது. நம் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சியின் ரசிகர்கள் ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்வரக்கூடிய ஊர்கள் பெங்களூருவும் கொச்சியும் என்பதால், அந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதல் தவறு, டிக்கெட் விற்பனை தொடங்கியதும் எது மலிவோ அதை வாங்கிவிடுவது. பாதி வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள், சின்ன மைதானமாக இருந்தால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 2016-17 சீசனிலிருந்து அந்த டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பும் உண்டு. நம் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) அந்த அளவு உறுதியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பெரும்பாலும் இரண்டு ஊர் ரசிகர் குழுக்களும் கிளப்புகளும் பேசி வைத்தால்தான் ஒரு மூலையாவது கிடைக்கும். அதனால் டிக்கெட் வாங்கும் முன் சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் மாதிரி நம் ரசிகர் குழுக்களில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். நம்மவர்கள் எந்த ஸ்டாண்டில் உட்காருகிறார்கள், எந்த கேட் வழியாக உள்ளே விடுவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்காமல் போனால் என்ன ஆகும்? பெங்களூரு கண்டீரவா மைதானத்தின் மேற்கு ஸ்டாண்ட், பெங்களூரு எஃப்சியின் ரசிகர் குழுவான வெஸ்ட் பிளாக் ப்ளூஸின் கோட்டை. கொச்சி கலூர் மைதானத்தில் கிழக்கு கேலரி, கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர் குழுவான மஞ்சப்படக்காரர்களுடையது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு தொண்ணூறு நிமிடம் வாயைத் திறக்காமல் இருக்க முடியும் என்றால் சரி. முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பெங்களூருவில் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டு அணிக்கும் நீலம்தான் நிறம், அதனால் தப்பான ஸ்டாண்டில் நுழைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் பையன் கோல் போட்டு, நீங்கள் மட்டும் துள்ளி எழும்போதுதான் சங்கதி வெளியே வரும். கொச்சியில் அந்தச் சிக்கல் இல்லை. மஞ்சளுக்கு நடுவே நீலம் வாசலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, மேட்ச் அட்டவணை வந்த அன்றே, ரத்து செய்தால் காசு திரும்பாத மாதிரி ஹோட்டல் அறையை எடுப்பது. மேட்ச் தேதி மாறும். டிவிக்காக மாறும், வேறு காரணங்களுக்காகவும் மாறும். 2025-26 சீசனையே 2025 ஜூலையில் நிறுத்திவைத்துவிட்டார்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் தொடங்குகிறது, 2024 நவம்பருக்கு முன் அது 120 நாள். ரயிலை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். நேரத்தோடு ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் மீதி வரும், ஆனால் முழுசாகப் போகாது. அறையை மட்டும் கடைசிவரை ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள்.

திரும்பி வரும் கணக்கில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஏழரைக்குத் தொடங்கும் மேட்ச் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், பத்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு. இரண்டு ரசிகர்களும் ஒன்றாக வெளியே போகாமல் இருக்க, வெளியூர்க்காரர்களைப் போலீஸ் கொஞ்ச நேரம் உள்ளேயே நிறுத்திவைப்பது சாதாரணம். அதற்கப்புறம் ஆட்டோ தேடி, பெங்களூரு டிராஃபிக்கில் மாட்டி... வேண்டாம். கண்டீரவாவிலிருந்து கப்பன் பார்க் மெட்ரோவுக்கு நடந்துவிடலாம். அங்கிருந்து பர்ப்பிள் லைனில் மூன்றாவது நிறுத்தம் மெஜஸ்டிக், ரயில் நிலையம் பக்கத்திலேயே. கொச்சியில் மைதானத்தின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் ரயில் எர்ணாகுளம் நார்த்தில் நிற்கிறதா சவுத்தில் நிற்கிறதா என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நார்த்தோடு போய்விடும் ரயில்கள் உண்டு. நார்த் என்றால் டவுன் ஹால் மெட்ரோவில் இறங்க வேண்டும்.

பிளே-ஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்து நடக்கும் நாக்-அவுட் சுற்று) என்றால் இந்தக் கணக்கில் இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். 2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடிய நாக்-அவுட் மேட்ச் கூடுதல் நேரத்துக்குப் போனது. பெங்களூருவின் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலை ஏற்காமல் கேரளா அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. நல்லா ஆடினார்களா இல்லையா என்பதை விடுங்கள், அன்று பத்தரை மணி வண்டிக்கு டிக்கெட் போட்டிருந்தவர் என்ன செய்திருப்பார்?

இதே காரணத்தால் சீக்கிரம் எழுந்து கிளம்புகிறவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் போய்விட்டு அதைச் செய்வது எனக்குப் புரியவே இல்லை. 2015 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் கடைசி சில நிமிடம் இருக்கும்போது கோவா 2-1. அப்புறம் கோவா கீப்பரின் சேம்சைடு கோல், உடனே நம் மெண்டோசாவின் கோல், 3-2, கோப்பை நமக்கு. 2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில் நடந்த இறுதிப் போட்டியிலும் சேத்ரி ஒன்பதாவது நிமிடமே கோல் போட்டார். நமக்குக் கோப்பை தந்த மூன்று கோலும், அதாவது மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டும், ரஃபேல் அகஸ்டோ போட்டதும், அதற்குப் பிறகு வந்தவைதான்.

கேட்டில் பிடுங்கப்படும் பொருள்கள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தண்ணீர் பாட்டில், லைட்டர், பவர் பேங்க், சில இடங்களில் சில்லறைக் காசுகூட. ரயிலிலிருந்து நேராகப் பெரிய பையோடு வந்து நிற்காதீர்கள், வைக்க இடம் இருக்காது. ரயில் நிலைய கிளோக் ரூமில் போட்டுவிட்டு வாருங்கள். டிரம், பேனர், கொடிக்கம்பு எல்லாவற்றுக்கும் முன்பே அனுமதி வேண்டும். பவர் பேங்க் இல்லை என்பதால் போனில் சார்ஜ் மிச்சம் வையுங்கள், டிக்கெட் அதில்தானே இருக்கிறது.

பாட்டு, கிண்டல் விஷயத்தில் ஒரே ஒரு கறாரான கருத்து எனக்கு உண்டு. பெங்களூருவில் காவிரியை இழுக்காதீர்கள், மொழியையும் இழுக்காதீர்கள். எதிரணி கீப்பரை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம், அதற்குத்தான் போகிறோம். ஆனால் யாரோ ஒருவர் குடித்துவிட்டு அந்தப் பேச்சை ஆரம்பித்தால், அடி வாங்குவது அவர் இல்லை. பின்னால் தனியாக ஆட்டோவுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பையன்தான். வெளியே வரும்போது ஸ்கார்ஃபைப் பையில் போட்டு, ஜெர்சிக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். ஜெயித்த அன்று இதை முக்கியமாகச் செய்யுங்கள். தோற்ற அன்று யாரும் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, திரும்பும் ஸ்லீப்பர் கோச். அதில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு அன்று மேட்ச் நடந்ததே தெரியாது. ரயில்வே விதிப்படி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, விளக்கையும் அணைக்க வேண்டும். பாட்டை பிளாட்பாரத்திலேயே பாடி முடித்துவிட்டு ஏறுங்கள்.