சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள்

பாம்பன், ஏர்வாடி, தொண்டிப் பக்கம் கடலில் இறங்குகிறவர்களுக்கு: சொறி மீன் பட்டு எரிந்தால் உடனே நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள், மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள். இரண்டுமே கூடாது. தோலில் ஒட்டிய இழைகளில் வெடிக்காத கொட்டும் செல்கள் ஏராளம் இருக்கும். உப்பில்லாத நீர் பட்டாலோ தேய்த்தாலோ அவையும் வெடித்து நஞ்சை இறக்கும். கடல்நீரையே ஊற்றுங்கள். இழைகளைச் சாமணத்தால் எடுங்கள், வெறுங்கை வேண்டாம். இழை முழுதும் போன பிறகே 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடமாவது முக்கி வையுங்கள். சூட்டைக் கொட்டுப்படாத கையால் பாருங்கள். எரிச்சலில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். கரையொதுங்கிச் செத்துக் கிடப்பதும் கொட்டும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.