பிளாக் செய்வதற்கு முன்னால்

ஆபாசமாக ஒரு மெசேஜ் வந்தால் கை தானாக டிலீட் பட்டனுக்குத்தான் போகும். என் தோழி ஒருத்தி அப்படித்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழுதுகொண்டே மொத்த சாட்டையும் அழித்துவிட்டாள், மறுநாள் புகார் எழுத உட்கார்ந்தபோது காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் முதலில் ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் கெட்ட வார்த்தை மட்டும் தெரிந்தால் போதாது. யூசர்நேம், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். மேலே தெரிகிற பெயரை அனுப்பியவன் நாளைக்கே மாற்றிவிடலாம், ஆகவே புரொஃபைலைத் திறந்து அந்த லிங்க்கையும் காப்பி செய்துகொள்ளுங்கள், பொதுவில் போட்ட பதிவு என்றால் பதிவின் லிங்க்கும் வேண்டும். ஒருமுறை பார்த்ததும் மறைகிற படத்தை வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, அதைத் திறப்பதற்கு முன்பே இன்னொரு போனைத் தயாராக வைத்துக்கொண்டு திரையைப் படம் பிடியுங்கள். என்றைக்கு, எந்த ஆப்பில், என்ன வந்தது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

இதைத் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் போனைக் கொடுத்து, 'நீ படித்து எடுத்து வை' என்று சொல்லலாம், அத்தனை அசிங்கத்தையும் நீங்களே மறுபடி படிக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ஆப்பிலேயே ரிப்போர்ட், அதற்குப் பிறகு பிளாக். இன்ஸ்டாகிராமில் அவன் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்தே பிளாக் செய்யலாம், அதையே தேர்ந்தெடுங்கள். பிளாக் செய்தால் இன்னும் வெறியாவான் என்று பயமாக இருந்தால் அதே இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' போடுங்கள். நீங்கள் ஒதுக்கியது அவனுக்குத் தெரியாது, அவன் மெசேஜைப் படித்தீர்களா என்பதும் தெரியாது.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுகிறானா? பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். 2021-இல் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவசத் தளத்தில் பதியுங்கள். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும், அதே படத்தை யாராவது ஏற்றினால் அவர்களால் தடுக்க முடியும். ஏஐ வைத்துப் போலியாகச் செய்த படத்துக்கும் இது பொருந்தும். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற தளம். ஸ்டாப்என்சிஐஐ கடைசியில் ஒரு கேஸ் நம்பரும் பின் நம்பரும் தரும், தொலைத்தால் திரும்பக் கிடைக்காது, அப்போதே அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.